சாட்சிப் பாதி

சேற்றைப் பற்றி என் அம்மாவுக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு: காலைக் கழுவிவிட்டு உள்ளே வா. அந்தச் சேற்றை வைத்துத்தான் மகள் சம்பளம் வாங்குகிறாள் என்பதை அவளால் இன்றுவரை நம்ப முடியவில்லை. "கடலுக்கு அடியில இருந்து முத்து எடுப்பாங்க, பவளம் எடுப்பாங்க. நீ போயி சகதிய எடுத்துட்டு வர்றே" என்பாள்.

அம்மா மேல் நான் கோபப்படுவதில்லை. மற்றபடி எனக்குக் கோபம் வராத ஆள் குறைவு. ஆய்வகத்தில் என் நாற்காலியின் உயரத்தை மாற்றினவர்களிடம் நான் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசினதில்லை. யார் மேல் கோபப்பட்டிருக்க வேண்டுமோ அவன் மேல் மட்டும் வரவில்லை. அவன் என் கணவன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைப் பார்த்து நான் ஏன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பது புரியாது.

கப்பலில் இருந்து ஒரு நீளமான குழாயை ஆழ்கடலின் தரையில் இறக்கிக் குத்துவார்கள். குழாய்க்குள் சேறு ஏறிக்கொள்ளும். மேலே இருப்பது புதிய சேறு, கீழே போகப் போகப் பழையது. ஒரு விரல் அகலம் படிவதற்கு ஆயிரம் வருஷம்கூட ஆகும். அப்படி ஏறின சேற்றில் பனிக்காலமும் இருக்கும், அதற்கு முந்தின காலமும் இருக்கும். குழாயைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பக்கம் நீல மூடியும் கால்பக்கம் வெள்ளை மூடியும் போடுவார்கள். பிறகு மூங்கிலைப் பிளப்பதுபோல் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி வேலைக்கு. கரண்டி கரண்டியாகச் சுரண்டி எடுத்துத் தீர்த்துவிடலாம். மற்றப் பாதியில் யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்கே ஒருவர் வந்து நீ சொன்னதெல்லாம் பொய் என்றால், திறந்து காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு நாங்கள் 'சாட்சி' என்று பேர் வைத்திருந்தோம். குளிர்க் கிடங்கில் சாட்சிகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும்.

சேற்றைக் கழுவி வடிகட்டினால் மணல் போல் கொஞ்சம் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அது மணல் இல்லை, ஓடுகள். சில, மேல்தண்ணீரில் மிதந்து வாழ்ந்தவை. அதில் ஒரு வகை கடுங்குளிரில் இடம்புரியாகச் சுருளும், குளிர் தணிந்தால் வலம்புரியாகச் சுருளும். எது எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்த்தே அந்தக் காலத்துக் கடலின் மேற்பரப்பு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுவேன். தரையில் வாழ்ந்த ஓடுகள் வேறு. அவை அபூர்வம். ஒரு கரண்டிச் சேற்றில் நாலைந்து தேறினால் யோகம். ஈரத் தூரிகையின் நுனியால் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பொறுக்கிச் சின்னக் குப்பிகளில் போட்டு மெஷின் அறைக்கு அனுப்புவேன். மெஷின் அவற்றை அமிலத்தில் கரைத்து, கிளம்பும் வாயுவை அளந்து, அடித்தண்ணீர் எவ்வளவு குளிர்ந்து கிடந்தது என்பதற்கு எண்களைக் கொடுக்கும்.

அந்த மெஷினை ஓட்டுகிறவன்தான் அவன். ஆய்வகம் முழுக்க அவனுக்கு மெஷின்காரர் என்று பேர். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நீ, வா, போ தான். அம்மாவுக்கு அது பிடிக்காது.

"புருஷனைப் போயி நீ, வா, போங்கறியே. நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் இருக்கறப்ப நீங்கன்னுதாம்மா சொல்றேன். ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல சொல்றத வீட்ல சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

இந்தச் சண்டை வாரத்துக்கு ஒரு தடவை நடக்கும். அவன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பான்.

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான் லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமான தம்பி வீட்டில் போய் அவளோடு தங்கியிருந்தேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ட்ரே நிறையக் குப்பிகளை அவனிடம் கொடுத்தேன். பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது படிந்த அடுக்குகளின் ஓடுகள். வேலைப் பாதியில் அந்தந்த இடத்துச் சேறு முழுவதையும் வழித்தெடுத்து, பல மாதம் குனிந்து உட்கார்ந்து பொறுக்கினவை. என் கழுத்து இன்றைக்கும் ஒரு பக்கம் திரும்பாமல் இருப்பது அந்த ட்ரேயால்தான்.

"நீ நிம்மதியா அம்மாவைக் கவனி. ட்ரேயை நான் பாத்துக்கறேன்" என்றான்.

திரும்பி வந்தபோது எண்கள் தயாராக இருந்தன. என் மேஜையில் தூரிகையின் நுனி மட்டும் விரிந்து கிடந்தது. என் தூரிகையை யார் தொட்டது என்று ஒரு மூச்சு கத்தினேன். தூரிகைக்காகக் கத்துகிறவள் என்று எனக்கு ஏற்கெனவே பேர் உண்டு, அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. புதுத் தூரிகை வாங்கிக்கொண்டேன்.

எண்களைப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. குளிரின் உச்சத்தில் அடித்தண்ணீரில் மட்டும் குளிர் விட்டிருந்தது. ஆனால் அதே அடுக்குகளில் நான் பார்த்த மிதப்பு ஓடுகள் அத்தனையும் இடம்புரி. என் கண் குளிர் என்றது. மெஷின் இல்லை என்றது.

"இது சரிதானா? மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாரேன்."

"எதை ஓட்டறது? ஓடெல்லாம் கரைஞ்சு போச்சு" என்றான்.

"தப்பா இருந்தா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். "மெஷின் பொய் சொல்லாது."

பொய் சொல்லாது என்று ஆன பிறகு காரணம் கண்டுபிடிப்பது என் வேலை. மேலே பனி மூடிக் கிடந்திருக்கிறது, அடியில் வேறெங்கிருந்தோ வெதுவெதுப்பான தண்ணீர் வந்து பாய்ந்திருக்கிறது என்று எழுதினேன். யாரும் அதுவரை சொல்லாத விஷயம். கட்டுரை வெளிவந்தது. எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். என்னைக் கண்டால் லிஃப்டில் ஏறாமல் படியில் போகிற ஆட்கள்கூட நின்று கை கொடுத்தார்கள். பெரிய அரங்கில் நான் பேசியபோது அவன் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எல்லோரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டில் நான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். அடக்கம் என்று நினைத்தேன். "உன் பேரையும் சேத்துத்தானே போட்டிருக்கேன், கொஞ்சம் சந்தோஷப்படேன்" என்று அதட்டினேன். "சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று சமையலறையில் இருந்து பதில் வந்தது.

இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு புழுக்காரர் எழுதினார்.

அவர் வேறொரு தேசத்து ஆய்வாளர். கடல்தரையில் புழுக்கள் துளைக்கும் வளைகளையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், அதனால் நாங்கள் வைத்த பேர். வெதுவெதுப்பும் கிடையாது, புதுத் தண்ணீரும் கிடையாது, ஏதோ ஒரு பெரிய வளை அந்த இடத்தைக் கலைத்துவிட்டிருக்கிறது, ஆசிரியை அவசரப்பட்டுவிட்டார் என்று எழுதினார். அவசரம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் கழுத்தைக் கேட்டால் சொல்லும் நான் அவசரப்பட்டேனா என்று.

அந்த நேரத்தில்தான் கப்பல் முடிவாக வேண்டியிருந்தது. அதே இடத்துக்கு மறுபடி போய்ப் புதுக் குழாய் இறக்க ஒரு பயணம். அதன் தலைமையை எனக்குத் தருவதாகப் பேச்சு. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவரைப் பெரியவர் என்போம், வயதுக்காக இல்லை, உடம்புக்காக.

"இந்தச் சந்தேகம் தீராம கப்பலை உங்க கையில குடுக்க முடியாதும்மா" என்றார்.

"சாட்சியைத் திறங்க சார். புழு ஒரு பாதியைக் கலைச்சிருந்தா மத்தப் பாதியிலயும் தடம் இருக்கும். அதே அடுக்குல புதுசா எடுத்து வேற ஆய்வகத்துக்கு அனுப்புங்க. எங்க மெஷின்கூட வேண்டாம்."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா? ஒரு தடவை கை வெச்சா வெச்சதுதான்."

"எனக்கு என்ன சார் பயம்?"

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அவன் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தான். கை நின்றது.

"வேலில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்கறே?" என்றான். "அந்தாளு ஏதோ எழுதிட்டாரு. நாலு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. சாட்சியெல்லாம் திறக்கற அளவுக்கு இது பெரிய விஷயமா?"

"மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம். எனக்கென்ன?"

"மாப்பிள்ளை சொல்றதக் கேளேன்டி" என்றாள் அம்மா. "தங்கமான மனுஷன் உன் நல்லதுக்குத்தான் சொல்வாரு."

எனக்கு மனசு நெகிழ்ந்து போயிற்று. நான் தோற்றுவிடுவேனோ என்று எனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போய் அவன் தோளில் மாவுக் கை படாத இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்று அவனுக்கு நான் தைரியம் சொன்னேன்.

திறக்கும் அன்று குளிர்க் கிடங்கில் ஐந்தாறு பேர் நின்றோம். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எப்போதும் ஸ்வெட்டரும் மேலே சால்வையுமாக இருப்பாள். "இந்தக் குளிர்ல வெச்ச காய்கறி மாதிரி நான் வாடாம இருக்கேன், வெளிய போனாத்தான் வயசாகுது" என்று வழக்கமான ஜோக்கைச் சொல்லிக்கொண்டே உறையில் இருந்து சாட்சி படுத்திருந்த ட்ரேயை உருவினாள். நீல மூடி பெரியவர் பக்கம், வெள்ளை மூடி என் பக்கம். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தாள்.

சாம்பல் நிறச் சேற்றில், வெள்ளை மூடிக்கு அருகே, வரிசையாக ஸ்பாஞ்சுத் துண்டுகள் செருகியிருந்தன.

சேறு எடுத்த குழியை எங்கள் தொழிலில் அப்படியே விடமாட்டோம். சரிந்துவிடும், காய்ந்துவிடும். ஸ்பாஞ்சை அளவாக வெட்டிச் செருகி வைப்போம். அதாவது யாரோ சாட்சியில் கை வைத்திருக்கிறார்கள். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"யாரு வேலை இது?" என்று பெரியவர் உறுமினார். உறுமிவிட்டு நீல மூடியில் இருந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "நல்ல வேளை. உங்க அடுக்கு முழுசா இருக்கும்மா. புழு வளையும் இல்ல, ஒரு கீறலும் இல்ல. திருடன் அந்தப் பக்கம்தான் தோண்டியிருக்கான். உங்களுக்கு அதிர்ஷ்டம்." மற்றவர்களும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நான் ஸ்பாஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேறு எடுப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் அந்தத் துண்டில் முதலில் அகல இடைவெளி விட்டு எடுத்தேன், நடுவில் நெருக்கி எடுத்தேன், கடைசியில் மறுபடி அகலம். அது எனக்கு மட்டும் உள்ள கணக்கு. அதே அகலம், அதே நெருக்கம், அதே அகலம் இங்கே ஸ்பாஞ்சில் இருந்தது. நீல மூடியில் இருந்து எவ்வளவு தூரத்தில் நான் ஆரம்பித்தேனோ, வெள்ளை மூடியில் இருந்து அவ்வளவு தூரத்தில் இது ஆரம்பித்தது. யாரோ என் இடங்களை அப்படியே எடுத்திருக்கிறார்கள், காலைத் தலை என்று நினைத்துக்கொண்டு. அந்தக் கால்பக்கத்துச் சேறு பனிக்காலம் முற்றுவதற்கு வெகு முன்னால் படிந்தது. குளிர் இன்னும் ஏறாத காலத்துச் சேறு.

எங்கள் கிடங்கில் வைப்பது வெள்ளை ஸ்பாஞ்சு. இது இளஞ்சிவப்பு. மெஷினுக்கு உதிரி பாகம் வரும் பெட்டிகளில் பாகம் அடிபடாமல் இருக்க வைத்து அனுப்புவார்களே, அந்த ஸ்பாஞ்சு. எங்கள் வீட்டில் அம்மாவின் மருந்துப் பெட்டிக்கு அடியில்கூட ஒன்று இருந்தது.

தலையைத் தூக்கினேன். அவன் கதவோரம் நின்றிருந்தான். எல்லோரும் ட்ரேயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "குளிர் தாங்கலை போல, வெளிய கூட்டிட்டுப் போங்க சார்" என்றாள் அக்கா அவனிடம். போகும்போது ஒரு ஸ்பாஞ்சை உருவி என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அம்மா இருப்பாள் என்பதால் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்தோம். அவன் எஞ்சினை அணைத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டான், அந்த நேரத்திலும் ஜாக்கிரதை.

"ட்ரே கை தவறிடுச்சு" என்றான். "குப்பியெல்லாம் திறந்து ஓடு பூரா தரையில. எது எந்த அடுக்குன்னே தெரியல. துடைப்பத்தாலதான் கூட்டி எடுத்தேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"நீ அம்மாகூட இருந்தே. மாசக்கணக்கா கழுத்து ஒடியப் பொறுக்கினது. உன்னை அழ வைக்க எனக்கு மனசு வரல. வேலைப் பாதில அந்தந்த இடத்துல சேறே இல்ல. சாட்சில கொஞ்சம் எடுத்து, கழுவி, உன் மைக்ராஸ்கோப்புல உக்காந்து நானே பொறுக்கினேன். ராத்திரி பகலா பொறுக்கினேன்."

"என் தூரிகையில."

"உன் தூரிகையிலதான்."

"அழுதிருப்பேன்" என்றேன். "உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். மூணாம் நாள் நானே காபி போட்டுக் குடுத்திருப்பேன். அவ்வளவுதானே ஆகியிருக்கும்?"

அவன் ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தான்.

"சரி, அது போகட்டும். நீ தலைகீழா அளந்தது உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"நம்பர் வந்த அன்னிக்கே."

ட்ரே விழுந்ததை மன்னித்திருப்பேன். சாட்சியில் கை வைத்ததைக்கூட எப்படியாவது ஜீரணித்திருப்பேன். ஆனால் மறுபடி ஓட்டிப் பார் என்று நான் கெஞ்சின அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மெஷின் பொய் சொல்லாது என்றான். மெஷின் சொல்லவில்லைதான். அதற்குப் பிறகு நான் எழுதின ஒவ்வொரு வரியையும் அவன் படித்திருக்கிறான், எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறான். நான் குழியை நோக்கி நடக்க நடக்கப் பக்கத்திலேயே கை தட்டிக்கொண்டு வந்திருக்கிறான். என் கண் இடம்புரி இடம்புரி என்று அடித்துக்கொண்டது. அதை விட்டுவிட்டு நான் நம்பினது மெஷினை இல்லை, இவனை.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே" என்றான். "உன்னை நான் அப்படிப் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

"இப்ப என்ன செய்யறதா உத்தேசம்?"

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. புழுன்னே ஒத்துக்கோ. புழுக்காரர் சொன்னது சரின்னு எழுதிடு. புழு மேல பழியப் போட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. "புழு இல்லைன்னு பெரியவர் கண்ணால பாத்தாச்சு. செத்துப் போன புழுவுக்குக்கூட உன்கிட்ட இருந்து தப்ப முடியாதா?"

கடைசியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே சொல்லிடறேன். முடிவு வர்ற அன்னிக்குக் கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன். உன் மேல சத்தியம்" என்றான். நான் சம்மதித்தேன். அப்போதே மேலே ஏறிப் போய்ப் பெரியவருக்குப் போன் போட்டிருக்கலாம். அவன் வாயால் வரட்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் எனக்கு அவனிடம் வேண்டியது எதுவும் இல்லை. முடிவு வரும்வரை அந்த ஒரு மாதமும் வீட்டில் எப்போதும்போல் சாப்பிட்டோம், தூங்கினோம், அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். அவன் முன்னைவிடப் பிரியமாக இருந்தான். ஒரு நாள் என் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டான்.

வெளி ஆய்வகத்தில் இருந்து முடிவு வந்தது. கூட்ட அறையில் பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த அடுக்குகளில் அடித்தண்ணீர் எலும்பு உறையும் குளிர். வெதுவெதுப்பு எங்கேயும் இல்லை. பாடப் புத்தகத்தில் உள்ள அதே பனிக்காலம்.

"அப்போ உங்க நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துதும்மா?" என்றார் மெதுவாக. அவர் உறுமியிருந்தால் தேவலை.

நான் அவனைப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். திரும்பத் திரும்பச் சோதிச்சாச்சு" என்றான். "குப்பிங்க என்கிட்ட வரும்போதே வரிசை மாறி வந்திருக்கலாம். அப்ப அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன். அவங்க மனசு ஒரு நிலைல இல்ல. ராத்திரியெல்லாம் தூங்கல. யாருக்கா இருந்தாலும் நடக்கக் கூடியதுதான். இதை யாரும் பெரிசா எடுத்துக்கக் கூடாதுன்னு நான் கேட்டுக்கறேன்."

எவ்வளவு பரிவாகச் சொன்னான் என்று எழுத்தில் காட்ட முடியாது. எனக்காக மன்றாடுகிறவன் போல் கையைக்கூடக் கட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினாள்.

நான் பையில் இருந்து ஸ்பாஞ்சை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஒரு மாதமாக அதை ஒரு கோட்டுப் பையில் இருந்து அடுத்த கோட்டுப் பைக்கு மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். சேறு காய்ந்து ஒரு பக்கம் பொருக்குத் தட்டியிருந்தது.

"இது சாட்சியில இருந்து எடுத்தது சார். நாம வைக்கறது வெள்ளை. இந்த நிறம் எந்தப் பெட்டியில வரும்னு மெஷின்காரரைக் கேளுங்க. குழியெல்லாம் என் கணக்குலயே இருக்கு, கால்ல இருந்து தலைக்கு. தட்டிவிட்ட ட்ரேக்குப் பதிலா எடுத்தது. என் குப்பிங்க வரிசை மாறல. அதுங்க மெஷினுக்கே போகல." பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "நீங்களே சொல்லுங்க. சொல்றேன்னு சத்தியம் பண்ணீங்களே."

அவன் சொல்லவில்லை. கிடங்கு அக்காதான் வாயைத் திறந்தாள். "அந்த வாரம் சார் வந்து சாவி கேட்டாரு. மேடம் கேட்டாங்கன்னு சொன்னாரு. வீட்டு ஆளாச்சேன்னு குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டேன். "உங்க மேல தப்பில்லம்மா, ஆனா..." என்றார் பெரியவர். கப்பல் அந்த 'ஆனா'வில் போய்விட்டது. புழுக்காரர் தலைமையில் போகும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் மேல் விசாரணை வைத்தார்கள்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவன் எனக்கு முன்னால் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அம்மா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சேற்றுக்காகவா சண்டை என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டிக் குடுத்துட்டியே" என்றான். "நீயா?"

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று ஒரு கணம் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அவனுக்கு வலித்தது. இரண்டு வருஷமாக அவன் செய்ததில் எதுவும் அவனுக்குத் துரோகமாகத் தெரியவில்லை. இன்று நான் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து வைத்ததுதான் தெரிந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அத்தனையும் செய்தான் என்று அவன் முழுக்க நம்பினான், இனிமேலும் நம்புவான். அதற்கு மேல் இவனிடம் சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கைப்பையை நாற்காலியில் வைத்தேன்.

"சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்றேன். "போட்டுச் சாப்பிடுங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்க தூங்கப் போறதுக்கு முன்னாடி என் தலையணையை மட்டும் அம்மா ரூம்ல குடுத்துடுங்க."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. நான் அவனை நீங்க என்று கூப்பிட வேண்டும் என்று கல்யாணமான நாளில் இருந்து மன்றாடின அம்மா, ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் படுக்கை விரிக்கப் போனாள்.